மூன்றாம் நாள் இரவு: பினாங்கில் ஒரு பைபாஸ் பிரிவைப் பற்றி

என் வீட்டுக்காரருக்கு வயது 68. பட்டர்வொர்த் துறைமுகத்தில் 29 வருடம் சரக்குக் கணக்கு எழுதியவர். சர்க்கரை நோய் 15 வருடமாக உண்டு. போன வருடம் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு மூன்று குழாய் பைபாஸ் செய்தோம். கோலாலம்பூரில் இருக்கும் தேசிய இதய மருத்துவமனைக்கு, ஐஜேஎன்னுக்கு, போகலாம் என்று பெரிய மகன் சொன்னான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நான் தினமும் பெர்ரி ஏறிப் போய்ப் பார்த்து வரலாம் என்பதால் இங்கேயே முடிவு செய்தோம். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஓர் இடத்தோடு நிற்பதில்லை. அதற்குப் பிறகு பைபாஸ் செய்துகொண்ட நான்கைந்து குடும்பங்களைக் கேட்டேன், எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை அருமையாக நடந்தது. காலையில் ஏழரைக்கு உள்ளே கொண்டு போனார்கள். ஒரு மணி வாக்கில் நிபுணரே வெளியே வந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "மூணும் நல்லா ஓடுதும்மா" என்றார். மார்புக்குள்ளிருந்த தமனி ஒன்று, காலிலிருந்து எடுத்த நாளம் இரண்டு. கால் தையல் ஒரு சிவப்பு நூல் ஒட்டியது போல ஆறிவிட்டது. மூச்சை உள்ளே இழுத்தால் மூன்று பந்துகள் ஏறும் ஒரு கருவி கொடுத்தார்கள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சிறு தலையணையும் தந்தார்கள். கஞ்சி சூடாக வந்தது, உப்பு இல்லாததற்கு யாரும் பொறுப்பில்லை. பில் எழுதும் இடத்தில் இருந்தவர்கள்கூட நின்று நிதானமாகக் காப்புறுதிக் கணக்கை விளக்கினார்கள். இதயத்துக்காக ஒரு மருத்துவமனை செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

மூளைக்கு என்ன ஆகலாம் என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அறுவைக்கு முந்தைய நாள் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் 40 நிமிடம். இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, சிறுநீரகம், பக்கவாதம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். பக்கவாதம் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம் என்றார்கள், நான் குறித்துக்கொண்டேன். கையெழுத்தும் போட்டேன். நான் 31 வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். கேள்வி கேட்கத் தெரியாதவள் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி என்ன என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டு நாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். சுவாசத்துக்காக வாயில் வைத்த குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்டார், பேத்தி பள்ளிக்குப் போனாளா என்று கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது அவர் கண் என் மேல் நிற்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "யம்மா, மழ வருது. மங்கெல்லாம் நெறஞ்சு வழிஞ்சிரும். பாலு வீணாப் போவுது, எந்திரிம்மா" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நாற்பது வருடமாக என்னை "இந்தாம்மா" என்று கூப்பிட்டவர், அன்று என்னைத் தன் தாயாக நினைத்துக் கூப்பிட்டார். அவர் நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டில் பிறந்தவர். மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்க வைக்கும் கிண்ணம். அந்தத் தோட்டம் செம்பனையாக மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

எட்டு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பினார்கள். கெஞ்சினேன், விதி என்றார்கள். நடுநிசிக்குமேல் தொலைபேசி வந்தது. கழுத்தில் இருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, நேரமாகிவிட்டது என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாராம். மறுநாள் காலை முதல் பெர்ரியில் போய்ப் பார்த்தபோது இரண்டு மணிக்கட்டையும் மென்துணிப் பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் ஒரு பிளாஸ்டிக் பையில், அலமாரிக்குள், பெயர் ஒட்டிப் பத்திரமாக இருந்தன.

அந்தப் பையைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு இரண்டு அடிக்கு அப்பால் எல்லாம் புகை. கருவி இல்லாமல் பேச்சு வெறும் இரைச்சல். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கு அணைவதே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஏதோ ஓர் இயந்திரம் கத்துகிறது. அப்படி ஓர் இடத்தில் மூன்று நாள் படுத்திருந்தால் நல்ல மனிதனுக்கே இது இரவா பகலா என்று தெரியாமல் போகும்.

அன்று காலை மயக்க மருந்து நிபுணர் ஒருவர் சுற்று வந்தார். தமிழ்ப்பள்ளியில் படித்தவர். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சர், இதுக்கு டெலிரியம்னு பேரு, திடீர்னு வர்ற மனக்கொழப்பம். பைத்தியம் இல்ல, பக்கவாதமும் இல்ல. ஸ்கேன் பாத்தாச்சு. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிரும். அங்கிள் என்ன வேல பாத்தாரு?" என்று கேட்டார். துறைமுகம் என்றேன். உடனே மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு கேட் வரைந்தார்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். உடம்பில் மற்ற இடங்களில் இருக்கும் நுண்குழாய்களின் சுவரில் இடைவெளி உண்டு. வேண்டியதும் வேண்டாததும் ஓரளவு கசிந்து போய்வரும். மூளையில் அப்படி இல்லை. அங்கே குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடு ஒன்று இறுக்கப் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. வெளியிலிருந்து வேறு செல்கள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன. இதற்குத்தான் இரத்த மூளைத் தடுப்பு என்று பெயர். ஒரு மனிதனின் மூளையில் இருக்கும் நுண்குழாய்களை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும். பினாங்கிலிருந்து ஜொகூர் பாருவை நெருங்கிவிடும் தூரம். அத்தனை தூரத்துக்கும் வேலி போட்டு, காவல் வைத்திருக்கிறது உடம்பு. பிராணவாயு தானாக நுழையும். குளுக்கோஸுக்குத் தனி வாசல் இருக்கிறது. பெரும்பாலான மருந்துகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். சிலவற்றை உள்ளே நுழைந்த பிறகும் பிடித்து வெளியே தள்ளும் பம்புகள்கூட அந்தச் சுவரில் உண்டு.

பைபாஸின்போது இதயத்தை நிறுத்திவிட்டு, இரத்தத்தை இதய நுரையீரல் இயந்திரம் வழியாக ஓட்டுகிறார்கள். அவருக்கு 94 நிமிடம் ஓடியது, சீட்டில் எழுதியிருந்தது. அந்த நேரம் முழுவதும் இரத்தம் பிளாஸ்டிக் குழாயிலும் செயற்கைச் சவ்விலும் உரசிக்கொண்டு போகிறது. உடம்பு அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கூடுகின்றன. திசுவை அரிக்கும் நொதிகள் சிலவும் கூடவே கிளம்புகின்றன. மூளைக்குழாய்ச் செல்களின் பூட்டுகளைத் தளர்த்துவது இவைதான். பெருந்தமனியைக் கவ்வி விடும்போது உதிரும் நுண்துகள்கள், சிறு காற்றுக்குமிழிகள், இரத்தம் நீர்த்துப் போவது, உடம்பைக் குளிரவைத்துத் திரும்பச் சூடாக்குவது என்று இதோடு சேர்ந்துகொள்ளும் காரணங்கள் இன்னும் பல. அதனால்தான் திரும்பச் சூடாக்கும்போது உடம்புக்குள் போகும் இரத்தம் 37 டிகிரியைத் தாண்டாமல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார். வயதும் சர்க்கரையும் அந்தச் சுவரை முன்பே கொஞ்சம் நைந்துபோக வைத்திருக்கும் என்றார் டாக்டர்.

"கேட் கொஞ்சம் தொறந்துட்டா, வெளிய நிக்கவேண்டியதெல்லாம் உள்ள வருது டீச்சர். அழற்சி வருது, சில மருந்தும் கூடுதலா எறங்குது. மூளை தெகச்சிப் போவுது. ஆனா எல்லாமே அந்த கேட்னால மட்டும் இல்ல. தூக்கம் இல்ல, வலி, கண்ணு தெரியல, காது கேக்கல, எல்லாம் சேந்துதான் இப்படி."

அந்தப் பத்து நிமிடப் பேச்சு முதல் நாளே கிடைத்திருந்தால் அந்த இரவை நான் வேறு மாதிரி கழித்திருப்பேன். அவர் திரும்பி வரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டு பெர்ரியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என் புகார் இது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கம் விடாமல் தேடிப் படித்தேன். இந்தத் தடுப்பைப் பற்றிய கதை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை. 1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் பிராணிகளின் இரத்தத்தில் சாயம் ஏற்றினார். உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுத்தே நின்றது. மூளைக்கு அந்தச் சாயம் ஒட்டாது போலும் என்று அவர் நினைத்தார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதைத் திருப்பிப் போட்டார். சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரிலேயே ஏற்றினார். இப்போது மூளை நீலமாயிற்று, உடம்பு வெளுத்து நின்றது. அதாவது இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் செல்களின் பூட்டுதான் என்பது 1967-இல் மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்தது. இந்தக் கதை தெரியாமலே 31 வருடம் இதயத்தைப் பம்பு என்று மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன்.

இயந்திரத்தின் கதையும் படித்தேன். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் ஓர் 18 வயதுப் பெண்ணுக்கு இதய நுரையீரல் இயந்திரம் வைத்து அறுவை செய்தார். 26 நிமிடம் அந்தப் பெண்ணின் உயிரை இயந்திரமே சுமந்தது. அதுதான் மனிதர்களில் முதல் வெற்றி. என் வீட்டுக்காரருக்கு 94 நிமிடம் சுமந்திருக்கிறது. அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை.

இப்போது கசிவைப் படத்திலேயே பார்க்கிறார்கள். கடோலினியம் என்ற பொருளை இரத்தத்தில் ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். தடுப்பு சரியாக இருந்தால் அது மூளைக்குள் போகாது. இதய அறுவைக்குப் பின் எடுத்த சிறு ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கசிவு தெரிந்திருக்கிறது. கசிவு தெரிந்த எல்லோருக்கும் குழப்பம் வருவதில்லை. டெலிரியமோ இதய அறுவை செய்துகொள்பவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது வருகிறது. பக்கவாதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு. அதைச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பத்துக்கு இரண்டு பேருக்கு வருவதைச் சொல்லவில்லை. இதை நான் மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்திலும் இப்படியே எழுதினேன்.

ஒரு ஆய்வு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 261 பைபாஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2001-இல் வெளியிட்டது. வீட்டுக்குப் போகும்போது 53 சதவிகிதம் பேருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன. ஆறு வாரத்தில் 36, ஆறு மாதத்தில் 24. அதுவரை நல்ல சேதிதான். ஐந்து வருடத்தில் திரும்பவும் 42. இதைத் தூக்கிக்கொண்டு அதே மயக்க மருந்து நிபுணரிடம் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: பிறகு வந்த ஆய்வுகளில் அறுவையே செய்யாத இதய நோயாளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், வருடக்கணக்கில் வரும் சரிவு அவர்களுக்கும் அதே அளவுக்கு இருந்தது. அப்படியென்றால் நாளடைவில் வரும் மறதிக்கு அறுவையை விட நைந்த இரத்தக்குழாய்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றின் பங்குதான் பெரிது. இயந்திரம் இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்தால் மூளை தப்புமா என்றும் கேட்டேன். அமெரிக்காவில் 2,203 பேரை வைத்துச் செய்து 2009-இல் வந்த பெரிய ஆய்வில் அந்த வகையில் வித்தியாசம் தெரியவில்லை என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தவறான அறுவையைத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வு அதுவரை எனக்கு இருந்தது.

நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்த தாதியைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. சுங்கை பட்டாணிப் பெண், வயது முப்பதுக்குள் இருக்கும். வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் பையைத் திறந்து கண்ணாடியைத் துடைத்து அவருக்கு மாட்டிவிட்டார். காதுக் கருவியின் பேட்டரியைச் சோதித்தார். மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கட்டிலோரமாகவே உட்கார்ந்தார். "அங்கிள், நான் மிஸ்ஸி, நர்ஸ். இது ஆஸ்பத்திரி. நீங்க பினாங்குல இருக்கீங்க. இன்னிக்கு வியாழக்கெழம. ஒங்களுக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. அன்ட்டி காலைல வருவாங்க." இதையே, அதே குரலில், அவர் கேட்ட ஒவ்வொரு முறையும் தமிழில் சொன்னாராம். மேற்பார்வையாளரிடம் பேசி மறுநாளிலிருந்து என்னைப் பத்து மணி வரை உட்கார அனுமதி வாங்கித் தந்தார். பகலில் கட்டிலை அந்த அறையிலிருந்து ஜன்னல் உள்ள வேறு பக்கத்துக்கு மாற்றினார்கள். நாற்காலியில் உட்காரவைத்தார்கள், பிறகு பத்து அடி நடக்கவைத்தார்கள். ராத்திரியில் தலைமாட்டு விளக்கை அணைத்தார்கள். புதிதாக எந்த மருந்தும் கொடுக்கவில்லை, தூக்க மருந்து ஒன்றை நிறுத்தினார்கள். ஆறாம் நாள் காலை நான் போனபோது, "இந்தாம்மா, பசியாறினியா?" என்று கேட்டார்.

டெலிரியத்தைத் தடுக்க இன்றைக்கு மருத்துவம் பரிந்துரைப்பதும் கிட்டத்தட்ட இதேதான் என்று பிறகு படித்தேன். கண்ணாடி, காதுக் கருவி, கடிகாரம், வெளிச்சம், தூக்கம், சீக்கிரம் நடக்கவைப்பது, குடும்பத்தார் பக்கத்தில் இருப்பது. பென்சோடயசெபின் வகைத் தூக்க மருந்தை முடிந்தவரை தவிர்ப்பது. ஒன்றுக்கும் தனிப் பணம் கிடையாது. ஒரு தாதிக்குத் தெரிந்தது அந்தப் பிரிவின் ஒழுங்காகவே இருக்கவேண்டும். யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு மனிதனின் இரவு அமையக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கத்துகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தார். சாதுவானவர் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம், அந்த வகைதான் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டு ஆள் திடீரென்று அமைதியாகிவிட்டால், "வழக்கமா இவர் இப்படி இருக்க மாட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வழக்கம் என்ன என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் தையலைப் பார்த்தார்கள், இதயத்தை எக்கோ எடுத்தார்கள், முடிந்தது என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. நினைவாற்றலைச் சோதியுங்கள் என்று கேட்டேன். கேட்டதும் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக் காட்டச் சொன்னார்கள். எண்களைச் சரியாக எழுதினார், பெரிய முள்ளைப் பத்தில் வைத்தார். கொள்கலன் எண்களைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தவர். அவருக்கே அது தவறு என்று தெரிந்தது, எதனால் தவறு என்று தெரியவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் வாரம் மறுபடி வரைந்தார். இந்த முறை முள் இரண்டில் நின்றது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்னைவிடக் கண்டிப்பாக மாத்திரை எடுக்கிறார், காலையில் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் நான்கு சுற்று நடக்கிறார்.

அறுவைக்கும் அறுவை அரங்கத்துக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். அந்த ஓர் இரவுத் தாதிக்குக் கொடுக்க என்னிடம் மதிப்பெண் இல்லை. முன்கூட்டிச் சொல்லும் விஷயத்தில் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் மயக்க மருந்து நிபுணர் வரைந்த கேட்டுக்காக. என் கடிதத்தோடு, தமிழில் ஒரு பக்கம் நானே எழுதி அனுப்பியிருந்தேன்: டெலிரியம் என்றால் என்ன, எப்போது வரும், குடும்பத்தார் என்ன செய்யலாம் என்று. பிரிவுப் பொறுப்பாளர் கூப்பிட்டு நன்றி சொன்னார், விளக்கக் கூட்டத்தில் இனி அதைச் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தார்களா என்று அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நேரில் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

இதை எழுதும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன். அந்த இரவு அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. அம்மாவிடம் மழை வருது என்று சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையில், அம்மாவுக்கு உதவியாக நெரைக்கு, அதாவது அம்மா பால் வெட்டும் மர வரிசைக்கு, போனாராம். வானம் கறுத்ததும் இவர்தான் முதலில் பார்த்தாராம். அம்மா ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாக ஓடி ஓடி மங்குகளை வாளியில் கவிழ்த்தார்களாம். பாதி மரத்துப் பாலைக் காப்பாற்றினோம் என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை.